வீட்டிலிருந்து போய் வருவதா, ஹாஸ்டலா? திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் என் போன் அடிக்க ஆரம்பிக்கும். கவுன்சிலிங் முடிந்து முதலாண்டு வகுப்பு தொடங்கும் வரை ஓயாது. நான் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். ஆறு வருஷம் பெண்கள் விடுதியில் துணை வார்டனாகவும் இருந்தேன். படித்த காலத்தில் முதல் இரண்டு வருஷம் செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சென்னைக்கு ரயிலில் போய் வந்தேன், கடைசி இரண்டு வருஷம் ஹாஸ்டல். இரண்டையும் பார்த்தவள் என்று தெரிந்ததால் சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று எல்லாரும் என்னிடம் கேட்கிறார்கள். ஆள்தான் மாறுகிறது, கேள்வி அநேகமாக மாறுவதில்லை. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

தமிழ்நாட்டுப் பொறியியல், கலை அறிவியல் கல்லூரிகளை மனத்தில் வைத்து எழுதியது இது. ஐ.ஐ.டி., திருச்சி என்.ஐ.டி. போன்ற இடங்களில் ஹாஸ்டல்தான் வழக்கம் என்பதால் அங்கே இந்தக் குழப்பம் பெரும்பாலும் வராது.

1. எத்தனை கிலோமீட்டர் வரைக்கும் வீட்டிலிருந்து போய் வரலாம் மேடம்?

கிலோமீட்டரை விடுங்கள். வீட்டுப் படியிறங்கி வகுப்பில் போய் உட்காரும் வரை எவ்வளவு நேரம், நடுவில் எத்தனை வண்டி மாற வேண்டும், இந்த இரண்டையும் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து கோயம்புத்தூருக்கு ஒரே ரயிலில் வந்து, ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் கல்லூரி என்றால் 35 கிலோமீட்டர் பெரிதில்லை. சென்னைக்குள்ளேயே 15 கிலோமீட்டருக்கு ஷேர் ஆட்டோ, ரயில், மறுபடி பஸ் என்று மூன்று மாறுபவருக்கு அது பெரிசுதான். ஒவ்வொரு மாறுதலிலும் ஒரு வண்டி தவறும் வாய்ப்பு இருக்கிறது. ஒன்று தவறினால் பின்னால் இருப்பவை எல்லாம் வரிசையாகத் தவறும்.

என் சொந்தக் கணக்கு இது: ஒரு வழிக்கு ஒரு மணி நேரத்துக்குள், ஒரே வண்டி அல்லது ஒரு மாறுதல் என்றால் வீட்டிலிருந்தே போகட்டும். ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் என்றால் ஹாஸ்டல். நடுவில் இருப்பவர்களுக்குத்தான் கீழே இருக்கிற மீதிக் கேள்விகள். கணக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு திங்கள்கிழமை காலை நீங்களே பிள்ளையோடு அந்த வழியில் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காரில் போய், 'நாற்பது நிமிஷம்தான் ஆச்சு' என்று சொல்கிற அப்பாக்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

2. ரெண்டு மணி நேரம்தானே? வண்டியில உக்காந்து படிச்சுக்கலாமே?

உட்கார இடம் கிடைத்தால் பார்க்கலாம். இரண்டு வருஷம் தாம்பரம் வழி ரயிலில் வந்த அனுபவத்தில் சொல்கிறேன்: காலையில் தூக்கம் வரும், மாலையில் நிற்கத்தான் இடம் இருக்கும். பரீட்சைக்கு முந்தின வாரம் மட்டும் எல்லார் கையிலும் ஜெராக்ஸ் தாள் இருக்கும்.

கணக்கு போடுவோம். ஒரு வழி 2 மணி நேரம் என்றால் நாளுக்கு 4. ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்தால் 360 மணி நேரம், அதாவது இரவு பகல் சேர்த்து முழுதாக 15 நாள். எட்டு செமஸ்டருக்கு 120 நாள். நாலு மாசம் ஒரு பிள்ளை பஸ்ஸிலும் ரயிலிலும் இருந்திருக்கும். எல்லாமே வீண் என்று சொல்ல மாட்டேன். என் ரயில் சிநேகிதிகள் நாலு பேர் இன்றைக்கும் என்னோடு பேசுகிறார்கள். இரண்டாம் செமஸ்டர் கணக்குத் தாளை நான் பாஸ் பண்ணியதே, பரங்கிமலையில் ஏறும் ஒரு சீனியர் அக்கா கதவோரம் நின்று சொல்லிக் கொடுத்ததால்தான்.

ஆனால் இந்தக் கணக்கில் எல்லாரும் ஒரு ஆளை விட்டுவிடுகிறார்கள். நான் 5.10 பஸ்ஸைப் பிடிக்க என் அம்மா மூணே முக்காலுக்கு எழுந்தார். டிபனும் மதியச் சாப்பாடும் கட்டிக் கொடுத்துவிட்டு அவரும் வேலைக்குப் போனார். இரண்டாம் வருஷக் கடைசியில் அவருக்கு ரத்த அழுத்தம் என்று டாக்டர் சொன்னபோதுதான், 'இவ ஹாஸ்டல்ல இருக்கட்டும்' என்று வீட்டில் பேச்சே வந்தது. பிள்ளை எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்று கேட்கும்போது, அதற்கு முன்னால் யார் எழ வேண்டும் என்பதையும் கேளுங்கள்.

3. ஹாஸ்டல்னா வருஷத்துக்கு எவ்வளவு ஆகும்?

தொகை கல்லூரிக்குக் கல்லூரி மாறும், அதனால் ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. ஆனால் 'ஹாஸ்டல் ஃபீஸ்' என்று ஆபீஸில் சொல்லும் தொகைக்குள் என்னென்ன இருக்கிறது, என்னென்ன இல்லை என்று பிரித்துக் கேட்க வேண்டும். அறை வாடகை, எஸ்டாப்ளிஷ்மென்ட் சார்ஜ் (விடுதி ஊழியர், பராமரிப்புச் செலவு), கரண்ட், மெஸ், காஷன் டெபாசிட் எல்லாம் தனித்தனி. இதில் டெபாசிட் மட்டும் படிப்பு முடிந்ததும் திரும்பி வரும். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். நான் தொலைத்துவிட்டு, படித்த கல்லூரிக்கு மூன்று தடவை நடந்தேன்.

மெஸ்ஸில்தான் வித்தியாசம் அதிகம். அரசுக் கல்லூரிகளில் பெரும்பாலும் டிவைடிங் சிஸ்டம். அந்த மாதத்து மளிகை, காய்கறி, கேஸ், சமையல் ஆள் செலவை மொத்தமாகக் கூட்டி, சாப்பிட்டவர்கள் தலைக்கும் நாளுக்குமாக வகுப்பார்கள். மாதா மாதம் ஏறும் இறங்கும், ஆனால் கட்டுப்படியாகும். தனியார் கல்லூரிகளில் பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரே தொகை. பிள்ளை வாரா வாரம் ஊருக்கு வந்துவிட்டாலும் அதே பணம்தான். 'லீவில் போனால் மெஸ் ரெடக்‌ஷன் உண்டா, குறைந்தது எத்தனை நாள் சேர்ந்தாற்போல் போக வேண்டும்' என்று கேளுங்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளுக்கு அநேகமாக எங்குமே கழிக்க மாட்டார்கள்.

சீட்டில் எழுதாத செலவு ஊருக்கு வந்து போவது. சென்னையில் படிக்கும் மதுரைப் பையன் வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து பஸ் ஏற வேண்டும் என்றால், 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்துக்கு முதலில் போய்ச் சேர வேண்டும். அதற்கே நகரத்துக்குள்ளிருந்து ஒரு மணி நேரமும் கொஞ்சம் பணமும் ஆகும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அந்த நாளைக் குறித்து வைத்துக் காலை எட்டு மணிக்கு உட்காராவிட்டால், பிறகு ஆம்னி பஸ் கேட்பதுதான் விலை.

4. அப்போ டே ஸ்காலர்னா செலவே இல்லைன்னு சொல்லுங்க!

கல்லூரி பஸ் என்றால் செலவு உண்டு, சில இடங்களில் நல்ல செலவு. பொது வண்டி என்றால் உண்மையிலேயே குறைவு. பலர் சலுகைகளைத் தெரிந்துகொள்வதே இல்லை. புறநகர் ரயிலில் பெண்களுக்குப் பட்டப்படிப்பு முடியும் வரை வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே இரண்டாம் வகுப்பு மாத சீசன் இலவசம். கல்லூரிப் பையன்கள் என்றால் சீசனில் பாதிக் கட்டணம், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 75 சதவீதம் தள்ளுபடி. கல்லூரியில் படிவம் வாங்கி முத்திரையோடு கொடுக்க வேண்டும். அரசு கலைக் கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களுக்கு அரசுப் பேருந்தில் இலவசப் பாஸ்; தனியார் கல்லூரி என்றால் பாதிக் கட்டணச் சலுகை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமே கிடையாது. விடியல் பயணம் என்று பெயர்.

ஆகப் பணத்தை மட்டும் பார்த்தால் வீட்டிலிருந்து போவதுதான் மலிவு, அதில் சந்தேகமில்லை. 2-வது பதிலில் சொன்ன நேரத்தையும் அம்மாவின் தூக்கத்தையும் யாரும் ரூபாயில் எழுதுவதில்லை, அதனால்தான் அது இன்னும் மலிவாகத் தெரிகிறது.

5. காலேஜ் பஸ் நல்லதா, கவர்ன்மென்ட் பஸ்ஸும் ட்ரெயினுமா?

கல்லூரி பஸ்ஸில் நிம்மதி இருக்கிறது. உட்கார இடம் உண்டு, லேட் ஆனாலும் பஸ்ஸே லேட் என்பதால் யாரும் கேட்க மாட்டார்கள், பிள்ளை எங்கே என்று தெரியும். கஷ்டம் சாயங்காலம்தான். நாலேகாலுக்கு பஸ் கிளம்பினால் கிளம்பியதுதான். லேபில் எக்ஸ்பெரிமென்ட் முடியவில்லை, சந்தேகம் கேட்க வேண்டும், விளையாட்டுப் பயிற்சி, தமிழ் மன்றம், எதுவாக இருந்தாலும் அந்தப் பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு ஓடும். நான்கு வருஷம் கல்லூரியில் படித்தும் நாலரை மணிக்கு மேல் அந்த வளாகம் எப்படி இருக்கும் என்று பார்க்காதவர்கள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள். ஏழு மணிக்கு இரண்டாவது ட்ரிப் உண்டா என்று சேரும் முன் கேளுங்கள். சில கல்லூரிகள் விடுகின்றன.

பொது வண்டியில் அந்தக் கட்டு இல்லை. நெரிசல் உண்டு, ஃபுட்போர்டு உண்டு. பையன்களின் பெற்றோர் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள், அது எனக்குப் பிடிப்பதில்லை.

6. பொண்ணு கவர்ன்மென்ட் ஸ்கூல்ல படிச்சா. ஹாஸ்டல் ஃபீஸ் கட்ட வசதி இல்லை, வழி இருக்கா?

இருக்கிறது, ஒன்றுக்கு மேல். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து, பொறியியல் கவுன்சிலிங்கில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. 2021-இல் வந்த ஏற்பாடு இது. அந்த ஒதுக்கீட்டுப் பிள்ளையிடம் 'தூரம், வேண்டாம்' என்று சொல்லி வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியில் சேர்க்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

ஒதுக்கீட்டில் வராவிட்டாலும் அரசுப் பள்ளி மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும் (2022 செப்டம்பரிலிருந்து), பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் (2024 ஆகஸ்டிலிருந்து). ஹாஸ்டலோ வீடோ, இரண்டு பேருக்கும் உண்டு. அப்புறம், அரசு நடத்தும் கல்லூரி மாணவர் விடுதிகள். பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத்துறை விடுதிகள் என்று இருந்தவை 2025-இல் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாறின. அங்கே தங்கவும் சாப்பிடவும் கட்டணம் இல்லை. வருமான வரம்பு உண்டு, இடமும் குறைவு. கல்லூரியில் சேர்ந்த வாரமே விண்ணப்பிக்க வேண்டும். வசதிகள் ஊருக்கு ஊர் மாறுவதால் நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எஸ்.சி. மாணவர்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் என்றால் வரும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில், பொறியியல் போன்ற தொழிற்படிப்புக்கு ஹாஸ்டலில் இருப்பவருக்கு ஆண்டுக்கு 13,500 ரூபாய், வீட்டிலிருந்து வருபவருக்கு 7,000 ரூபாய் பராமரிப்புப் படி. விண்ணப்பத்தில் 'டே ஸ்காலர்' என்று பழக்க தோஷத்தில் டிக் அடித்துவிட்டு, ஹாஸ்டலில் இருந்துகொண்டே குறைந்த தொகை வாங்கிய பிள்ளைகள் உண்டு. முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகையை மட்டும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது கல்விக் கட்டணத்துக்குத்தான், ஹாஸ்டலுக்கு வராது.

7. பேங்க் லோன்ல ஹாஸ்டல் பணமும் வருமா?

வரும். கல்விக் கடனில் விடுதி, மெஸ் கட்டணத்தையும் சேர்த்துக் கேட்கலாம். ஆனால் கல்லூரி தரும் கட்டணச் சான்றில் அது தனி வரியாக இருக்க வேண்டும். முதல் வருஷமே நான்கு வருஷத்துக்கும் சேர்த்து எழுதி வாங்குங்கள். பாதியில் ஹாஸ்டலுக்கு மாறிவிட்டுக் கடனைக் கூட்டச் சொன்னால் மேனேஜர் முகம் சுளிப்பார். வருமான வரியில் பிள்ளையின் படிப்புச் செலவைக் கழிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கல்விக் கட்டணம்தான் கழியும், ஹாஸ்டல் கட்டணம் கழியாது.

8. ஹாஸ்டல்ல ராகிங் இருக்குமா?

முன்பு இருந்த மாதிரி இல்லை, அதற்காக எங்குமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1996-இல் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் ராகிங்கில் கொல்லப்பட்டதை அடுத்துத் தமிழ்நாடு 1997-இல் இதற்கென்றே சட்டம் போட்டது. இரண்டு வருஷம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். 2009-இல் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகள் வந்தன. சேரும்போது மாணவரிடமும் பெற்றோரிடமும் உறுதிமொழிப் பத்திரம் வாங்குவது அதனால்தான். கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவை படித்துப் பாருங்கள், யாருமே படிப்பதில்லை.

பார்க்க வேண்டியது ஒன்றுதான்: முதலாண்டுப் பிள்ளைகளுக்குத் தனிக் கட்டடமோ தனித் தளமோ இருக்கிறதா, இரவில் அங்கே வார்டன் தங்குகிறாரா. 'வார்டன் இருக்கார்' என்றால் போதாது, ராத்திரி எங்கே தூங்குகிறார் என்று கேளுங்கள். தேசிய உதவி எண் 1800-180-5522, எந்த நேரமும் எடுப்பார்கள். அதைப் பிள்ளையின் போனில் போட்டு வையுங்கள்.

9. பொண்ணை ஹாஸ்டல்ல விட பயமா இருக்கு. வீட்ல இருந்தா கண்ணு முன்னாடி இருப்பா இல்ல?

ஆறு மணிக்கு இருட்டில் பஸ் ஸ்டாப்பில் நிற்பதும் எட்டு மணிக்கு இருட்டில் இறங்கி நடப்பதும் கண் முன்னால் நடப்பதில்லை. தூரத்துப் பயணம் என்றால் பயத்தின் இடம் மாறுகிறது, அவ்வளவுதான். டிசம்பர் மழையில் ரயில் நின்றுபோன ஒரு நாள் நான் வீடு சேர இரவு பதினொன்று ஆனது. அன்றைக்கு என் அப்பா ஸ்டேஷனில் நின்ற கோலத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

ஹாஸ்டலில் பாதுகாப்பு என்ற பெயரில் வேறு ஒன்று நடக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். பெண்கள் விடுதியை மாலை ஆறரைக்கோ ஏழுக்கோ பூட்டுகிற கல்லூரியில் ஆண்கள் விடுதி ஒன்பது வரை திறந்திருக்கும். நூலகம் எட்டு மணி வரை என்று போர்டு இருக்கும், பெண்ணுக்கு அது ஆறு மணி வரைதான். துணை வார்டனாக நானே அந்தப் பூட்டைப் போட்டவள். நேரத்தை நீட்டச் சொல்லி ஆறு வருஷம் எழுதிக் கொடுத்து அரை மணி நேரம்தான் கிடைத்தது. அதனால் 'கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள்' என்று கேட்பதோடு நிறுத்தாமல், 'நூலகத்துக்கும் லேபுக்கும் அனுமதி உண்டா' என்றும் கேளுங்கள்.

10. சாப்பாடு எப்படி இருக்கும்?

எல்லா ஹாஸ்டலிலும் சாம்பார் ஒன்றுதான். மூன்றாவது வாரத்தில் அலுத்துவிடும், மூன்றாவது மாதத்தில் பழகிவிடும். குடிதண்ணீரையும் கழிப்பறையையும் பாருங்கள், சாப்பாட்டுக்கு முன்னால் அதுதான் முக்கியம். வயிற்றுக் கோளாறோ அலர்ஜியோ இருக்கிற பிள்ளை என்றால் மட்டும் மெஸ்ஸில் ஒரு வேளை நீங்களே சாப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் காசு கொடுத்து டோக்கன் வாங்கினால் சாப்பிட விடுவார்கள்.

11. டே ஸ்காலரா இருந்தா மார்க் குறையுமா? பிளேஸ்மென்ட் போயிடுமா?

என் வகுப்புகளில் நான் பார்த்த வரை மார்க்குக்கும் இதற்கும் நேரான சம்பந்தம் இல்லை. ஹாஸ்டலில் விடிய விடிய முழித்திருந்து முதல் பீரியடில் தூங்குகிறவர்களும் உண்டு, இரண்டு மணி நேரம் பயணம் செய்து முதல் பெஞ்சில் உட்காருகிறவர்களும் உண்டு. அடிபடுவது வருகைதான். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் செமஸ்டருக்கு 75 சதவீத வருகை வேண்டும். மருத்துவம் போன்ற காரணம் காட்டினால் 65 வரை விலக்குக் கேட்கலாம். 'பஸ் லேட்' என்பது மருத்துவக் காரணம் இல்லை. தினமும் முதல் பீரியடைப் பாதியில் பிடிக்கிற பிள்ளைக்கு அந்தப் பாடம் கடைசி வரை புரியாமலே போய்விடும்.

பிளேஸ்மென்டில் சிக்கல் வருவது நேரத்தால். கம்பெனிக்காரர்கள் காலை எட்டுக்கு ஆரம்பித்தால் கடைசி இன்டர்வியூ இரவு ஒன்பதுக்கும் போகும். ஹாஸ்டலில் நண்பர்கள் அறையில் தங்க வெளியாளை விட மாட்டார்கள். மூன்றாம் வருஷமே ஊருக்குள் ஒரு சித்தி வீடோ மாமா வீடோ பேசி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் 13-வது கேள்வியைப் பாருங்கள்.

12. பையன் ஹாஸ்டல் போனா கெட்டுப்போயிடுவான்னு அவங்க அப்பா சொல்றார்.

கெட்டுப்போக நினைக்கிற பையனுக்கு டே ஸ்காலர் வாழ்க்கையில்தான் வசதி அதிகம். காலை ஆறுக்குக் கிளம்பினான், இரவு எட்டுக்கு வந்தான். நடுவில் எங்கே இருந்தான் என்று வீட்டுக்கும் தெரியாது, கல்லூரிக்கும் தெரியாது. ஹாஸ்டலில் ராத்திரி ஒன்பது மணிக்கு யாராவது ஒருவர் பெயரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவார். இதை அவன் அப்பாவிடம் நீங்களே சொல்லுங்கள், நான் சொன்னதாக வேண்டாம்.

உண்மையில் நான் கவலைப்படுவது பணத்தைப் பற்றி. கையில் மொத்தமாகப் பணம் கொடுக்காமல் வாரத்துக்கு இவ்வளவு என்று அனுப்புங்கள். முதல் மாதம் முடிவதற்குள் தீர்த்துவிட்டுப் போன் செய்வான். அப்போது திட்டாமல் எதற்கு ஆனது என்று மட்டும் கேளுங்கள்.

13. முதல்ல வீட்ல இருந்து போகட்டும், கஷ்டமா இருந்தா ஹாஸ்டல் மாத்திக்கலாமா?

மாற்றலாம். நான்கு வருஷத்துக்கும் சேர்த்து ஒரே முடிவு எடுக்க வேண்டியதில்லை என்பதைத்தான் எல்லாரிடமும் சொல்கிறேன். ஆனால் வருஷத் தொடக்கத்தில் மாற்றுங்கள். வருஷ நடுவில் ஹாஸ்டலை விட்டு வந்தால் கட்டிய பணம் பெரும்பாலும் திரும்பாது. சேரும் முன் 'பாதியில் காலி செய்தால் எவ்வளவு தருவீர்கள்' என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டாம் வருஷத்தில் இடம் இருக்குமா என்பதும் கல்லூரியைப் பொறுத்தது. சில இடங்களில் முதலாண்டுக்கு முன்னுரிமை கொடுத்துவிட்டு மற்றவர்களை வெளியே பார்க்கச் சொல்லிவிடுவார்கள்.

எந்த வருஷம் ஹாஸ்டல் என்று தேர்ந்தெடுக்கச் சொன்னால், முதலாண்டையும் மூன்றாம் ஆண்டையும் சொல்வேன். முதலாண்டில் சிநேகிதம் உண்டாகும். மூன்றாம் ஆண்டில் பாடம் கனமாகும், பிளேஸ்மென்டுக்கான பயிற்சி தொடங்கும். கடைசி செமஸ்டர் முழுக்க ப்ராஜெக்ட் என்றால் வீட்டுக்கு வந்துவிடலாம்.

14. காலேஜ் ஹாஸ்டல் கிடைக்கலை. வெளியில பிஜி பார்க்கலாமா?

பிஜி, அதாவது வெளியே தனியார் நடத்தும் விடுதி, பார்க்கலாம். ஆனால் முதலாண்டுப் பிள்ளைக்கு அது என் கடைசி விருப்பம். பெண்கள் விடுதி என்றால் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கு மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும். கேட்டதும் உரிமையாளர் எடுத்துக் காட்டினால் சரி. 'அதெல்லாம் அப்ளை பண்ணியிருக்கோம்' என்றால் யோசியுங்கள். பில்லில் ஜி.எஸ்.டி. போட்டால் காரணம் கேளுங்கள்: ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள், தொடர்ந்து 90 நாளாவது தங்குகிறார் என்றால் விலக்கு உண்டு என்று 2024-இல் முடிவானது.

நாலு பேர் சேர்ந்து வீடு எடுப்பது இன்னும் மலிவு. வீட்டுக்காரர் என்ன ஜாதி, கறி சமைப்பீர்களா என்று கேட்பதையெல்லாம் பிள்ளைகள் முதல் தடவையாக அங்கேதான் சந்திக்கிறார்கள்.

15. சேர்த்து பத்து நாள்தான் ஆச்சு, தினமும் போன்ல அழறா. கூட்டிட்டு வந்துடலாமா?

பொறுங்கள். என் ஆறு வருஷத்தில், ஆகஸ்டில் அழுத பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் அக்டோபரில் 'இந்த வாரம் வரலை, ஃபிரெண்ட் பர்த்டே' என்று சொன்னார்கள். அழுகை இரவு எட்டிலிருந்து பத்து வரைதான் இருக்கும், அந்த நேரத்தில்தான் நீங்களும் கூப்பிடுவீர்கள். காலையில் கூப்பிட்டுப் பாருங்கள், குரல் வேறு மாதிரி இருக்கும். ஒரு மாதத்துக்கு வாரா வாரம் ஊருக்கு அழைக்காதீர்கள். ஞாயிறு மாலை திரும்பிப் போகும் பயணம் ஒவ்வொரு தடவையும் புண்ணைக் கிளறும்.

இது வேறு, நிஜமான ஆபத்து வேறு. சாப்பிடவே இல்லை, தூங்கவே இல்லை, வகுப்புக்குப் போகவில்லை, அழுகைகூட நின்று பேச்சே குறைந்துவிட்டது என்றால் அன்றைக்கே கிளம்பிப் போங்கள். ஹாஸ்டல் பணம் போனால் போகட்டும். அறைத் தோழியின் நம்பரையும் துணை வார்டன் நம்பரையும் முதல் நாளே வாங்கி வைத்திருந்தால் இது எது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

16. மிஸ், வீடு பத்து கிலோமீட்டர்தான். ஆனா எனக்கு ஹாஸ்டல் வேணும். அப்பாகிட்ட எப்படிக் கேக்கிறது?

பெற்றோர் இல்லாத நேரத்தில், வகுப்பு முடிந்த பிறகு, தாழ்ந்த குரலில் வரும் கேள்வி. கேட்பது அநேகமாகப் பெண்கள். இரண்டே அறை இருக்கும் வீடு, டி.வி., தம்பியின் டியூஷன், வந்து போகும் விருந்தாளிகள், வந்ததும் பாத்திரம், துணி. அதே வீட்டில் அண்ணன் படிக்கிறான் என்றால் சத்தம் குறையும், இவள் படிக்கிறாள் என்றால் குறையாது. 1-வது பதிலில் நான் சொன்ன ஒரு மணி நேரக் கணக்கு இந்தப் பிள்ளைக்குப் பொருந்தாது. அவளுடைய நேரம் பயணத்தில் போகவில்லை, வீட்டில் போகிறது.

முதலில் விடுதி ஆபீஸில் விசாரியுங்கள், பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இடம் தருவதில்லை என்று பல கல்லூரிகளில் விதி உண்டு. தருவார்கள் என்றால் அப்பாவிடம் 'ஃப்ரீயா இருக்கணும்' என்று தொடங்காதீர்கள், அங்கேயே பேச்சு முடிந்துவிடும். என் மாணவி ஒருத்தி ஒரு வாரம் முழுக்கத் தான் எப்போது புத்தகத்தை எடுத்தாள், எதற்காக எழுந்தாள் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். அப்பா ஹாஸ்டலுக்கு ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் எதிர்வீட்டுப் பெரியம்மாவின் மாடி அறையைப் பேசிக் கொடுத்தார், அங்கே தினமும் இரவு எட்டு வரை உட்கார்ந்து படித்தாள். கல்லூரி நூலகத்தில் ஏழு மணி வரை இருந்துவிட்டு வருவதும் ஒரு வழி, 5-வது கேள்வியில் சொன்ன இரண்டாவது ட்ரிப் இருந்தால்.

வீட்டில் அடி, மிரட்டல் என்று நிலைமை இருந்தால் அது ஹாஸ்டல் கேள்வியாக மட்டும் இருக்கக் கூடாது. நம்புகிற ஒரு ஆசிரியரிடம் சொல்லுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181. பதினெட்டு வயது ஆகவில்லை என்றால் 1098-ஐயும் கூப்பிடலாம்.

17. வீட்டுப் பக்கத்துல ஒரு காலேஜ், தூரத்துல அதைவிட நல்ல காலேஜ். சாய்ஸ்ல எதை மேலே போடணும்?

ஹாஸ்டல் செலவைத் தாங்க முடியும் என்றால், அல்லது 6-வது பதிலில் இருக்கும் ஏதாவது ஒரு வழி கிடைக்கும் என்றால், நல்ல கல்லூரியை மேலே போடுங்கள். கவுன்சிலிங்கில் சாய்ஸ் நிரப்புவது விருப்ப வரிசை. மேலே போட்டது கிடைக்காவிட்டால் கீழே இருப்பது வரும், மேலே போடுவதால் நஷ்டமில்லை. கிடைத்தால் சேர மாட்டோம் என்று நிச்சயமாகத் தெரிகிற கல்லூரியை மட்டும் பட்டியலிலேயே போடாதீர்கள்.

ஆனால் 'நல்ல கல்லூரி' என்பது நிஜமாகவே நல்லதா என்று பாருங்கள். அதே பாடத்தில், இரண்டிலும் தேர்ச்சி விகிதம், லேப், நிரந்தர ஆசிரியர்கள் எப்படி என்று விசாரித்தால் பல நேரம் பெயர் மட்டும்தான் பெரிசாக இருக்கும். கொஞ்சம்தான் வித்தியாசம் என்றால் நான் வீட்டுப் பக்கத்துக் கல்லூரியையே சொல்வேன். மிச்சமாகும் பணத்தில் ஒரு நல்ல லேப்டாப் வாங்கிக் கொடுங்கள்.

18. சேர்றதுக்குள்ள ஹாஸ்டல் ஃபுல்லுன்னு சொல்லிட்டாங்க. இனிமே என்ன பண்றது?

விண்ணப்பத்தைக் கொடுத்து, வெயிட்டிங் லிஸ்டில் எத்தனையாவது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அதுவரை தெரிந்தவர் வீடோ, 14-வது பதிலில் சொன்ன மாதிரி உரிமம் உள்ள விடுதியோ இரண்டு மாதத்துக்குப் பாருங்கள். மூன்று மாத அட்வான்ஸ் கேட்டால் பேரம் பேசுங்கள். செப்டம்பர் கடைசியில் வார்டன் ஆபீஸுக்கு நேரில் போங்கள், போனில் கேட்டால் ஃபுல் என்றுதான் சொல்வார்கள். மறு கவுன்சிலிங்கில் வேறு கல்லூரி கிடைத்துப் போனவர்கள், வேறு படிப்புக்கு மாறியவர்கள் என்று அதற்குள் சில கட்டில்கள் காலியாகியிருக்கும். 15-வது கேள்வியில் அழுத பிள்ளைகளில், அழுகை நிற்காமல் வீட்டுக்குப் போன ஒன்றிரண்டு பேரின் கட்டிலும் அதில் இருக்கும்.